மறுமொழி: வின்டரைஸ் – உறைகாப்பா, குளிர்வடிப்பா?

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா வந்த மடல் எல்லாம் வாசிச்சேன், உடனே பதில் எழுத முடியல, இது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் ராமேஸ்வரம் பக்கத்துல எங்க மண்டபம் ஊர்ல போட்டெல்லாம் கரையேறிக் கிடக்கும், 61 நாளைக்குள்ள அத்தனை எஞ்சினையும் பிரிச்சுப் பாத்து மாட்டணும், ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான் கைய கழுவிட்டு உக்கார முடியுது. ஆனா 'வின்டரைஸ்'ங்கிற ஆங்கிலச் சொல்லுக்கு, அதாவது குளிர்காலத்துல தண்ணி ஐஸாகி பைப்பு பிளக்காம வண்டியத் தயார் பண்ணி நிறுத்துறதுக்கு, நம்ம குழுவுல தமிழ்ச்சொல் தேடுறோமே, இந்த ஒரு சொல்ல மட்டும் விட்டுற மாட்டேன், ஏன்னு கடைசி வரைக்கும் வாசிங்க.

> 'உறைகாப்பு' என்பதே பொருத்தம். உறைதலிலிருந்து காத்தல். சுருக்கமும் உண்டு, இலக்கணமும் இடிக்கவில்லை.

மதுரை அய்யா, இலக்கணம் சரிதான், நான் மறுக்கல. போன வருசம் இதே குழுவுல இருந்து அந்தச் சொல்ல எடுத்து மொழிபெயர்ப்புல போட்டவனே நான்தான். அமெரிக்காவுல விஸ்கான்சின்ல இருக்கிற என் அக்கா வீட்டுக்காரர் பழைய இழுவை கேரவன் ஒண்ணு வாங்கினார். நம்ம ஊர்ல கேரவன்னா தனுஷ்கோடிக்கு ஷூட்டிங் வர்ற நடிகர் வண்டிதான், இது குடும்பத்தோட ஊர் சுத்துற வண்டி, உள்ள சமையல், படுக்கை, கக்கூஸ், சுடுதண்ணி ஹீட்டர் எல்லாம் உண்டு. அவுக அப்பா, எங்களுக்கு மாமா, தேவிபட்டினத்துக்காரக, முப்பது வருசம் விசைப்படகு டிரைவரா இருந்தவக, ஆறு மாசம் மகன் வீட்டுல இருக்கப் போயிருந்தாக. வண்டிய எப்படிப் பாத்துக்கிறதுன்னு ஒரு பக்கக் குறிப்பு மாமாவுக்காகத் தமிழ்ல கேட்டார் மச்சான், நான் எழுதிக் குடுத்தேன், அதுல ஒரு வரி "வண்டியை நிறுத்திவைக்கும் முன் நீர்த்தொகுதிக்கு உறைகாப்புச் செய்க".

அக்டோபர்ல மச்சான் வேலையா ரெண்டு வாரம் வெளியூர் போனப்ப குளிர் முந்திக்கிட்டு வந்திருச்சு. மாமா அந்தத் தாள எடுத்து வாசிச்சிருக்காக. உறைன்னா என்ன? தலகாணி உறை, கத்தி உறை. காப்புன்னா பாதுகாப்பு. தார்ப்பாய் வாங்கிட்டு வந்து வண்டியோட தண்ணி டேங்க், குழாய் இருக்கிற பக்கமெல்லாம் அடியில வரைக்கும் இழுத்து மூடி, போட் கயிறு கட்டுற முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டு காத்து போகாம கட்டி வச்சிருக்காக. திரும்பி வந்த மச்சானும் எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நம்பிட்டார். உள்ள தண்ணி முழுசும் அப்படியே கிடந்திருக்கு. இந்த ஏப்ரல்ல திறந்து பாத்தா பம்ப்போட தலை விரிசல், கக்கூஸ் வால்வு உடைஞ்சு போச்சு, ஷவர் டேப்புக்குப் பின்னாடி பைப்பு ஜாயின்ட் பிளந்து கிடக்கு.

மாமாவுக்குத் தெரியாத வேலை இல்லைங்கய்யா. நடுக்கடல்ல பம்ப்பு போனா கையில கிடைச்சத வச்சு சரி பண்ணிக் கரைக்கு வந்து சேர்ந்த மனுசன். "தண்ணிய வடிச்சு விடுங்க"ன்னு ஒரு வரி இருந்திருந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பாக. அவுக கை சரி, அந்தச் சொல்லுதான் தப்பு. அதுக்கப்புறம் எனக்கு அந்தச் சொல்லப் பாத்தாலே ஒப்பல.

இன்னொன்னு, எங்க பக்கம் உறைன்னா முதல்ல ஞாபகம் வர்றது உறைகிணறு, சிமெண்ட் உறை இறக்கின கிணறு. அடுத்தது பாலுக்கு உறை ஊத்துறது. தண்ணி கல்லாகுறத இங்க யாரும் உறையுதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல, "ஐஸ் கட்டிருச்சு"ன்னுதான் சொல்லுவாங்க.

> பனிக்காப்பு என்று வைக்கலாமே, இனிமையாக இருக்கிறது.

கோயம்புத்தூர் தம்பி, இனிமைதான், ஆனா ராமேஸ்வரம் தீவுல வந்து பனின்னு சொல்லிப் பாருங்க, மார்கழி காலையில வலை மேல படிஞ்சிருக்கிற ஈரம்தான் பனி. இங்க மார்கழியிலகூட 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். பனிக்காப்புன்னா தலையில கட்டுற மப்ளர்னுதான் நினைப்பாங்க. அதோட பனி விழணும்னு அவசியமே இல்லப்பா, வானம் சுத்தமா இருக்கிற ராத்திரியில சுழியத்துக்குக் கீழ நல்லா இறங்கினாலே பைப்பு போயிரும்.

> நாங்கள் இஞ்ச 'வின்டரைஸ்' எண்டுதான் சொல்லுறனாங்கள். வண்டிக்கும் அதுதான், கொட்டேஜுக்கும் அதுதான், போட்டுக்கும் அதுதான். தமிழில ஒரே சொல் எல்லாத்துக்கும் வருமோ?

டொரண்டோ அக்கா, இதுதான் நல்ல கேள்வி. ஆங்கிலத்துல குளிர்காலப் பேர வச்சு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிட்டாங்க. கார்னா பேட்டரி, கூலன்ட், டயர். வீடுன்னா சந்து பொந்து அடைக்கிறது. நம்மளும் அப்படியே மூட்டை கட்டணும்னு என்ன இருக்கு? தண்ணி ஓடுற அமைப்புக்குத் தனிச்சொல் வைப்போம், மத்ததுக்குக் 'குளிர்காலத் தயாரிப்பு'ன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போவோம். செய்யுற ஆள் என்ன செய்யணும்னு சொல்லுலயே இருக்கணும். காலத்தோட பேர மட்டும் சொன்னா அவன் கை எங்க போகும்?

அதனாலதான் முதல் மடல்ல 'குளிர்வடிப்பு'ன்னு எழுதினேன். அதுக்கு வந்த பெரிய மறுப்பு இது:

> ரோஸ் நிறத் திரவம் ஒன்றை நிரப்புவதும் உண்டே. நிரப்புவதை வடிப்பு என்பது முரண் அல்லவா?

இதுக்கு வேலைய முழுசா சொன்னாத்தான் விளங்கும். ரெண்டு வழி இருக்கு. எந்த வழியா இருந்தாலும் முதல்ல வடிக்கணும். ஹீட்டர ஆஃப் பண்ணி ஆற விடணும், சூடாவும் அழுத்தத்தோடயும் இருக்கும்போது அடி பிளக்க கழட்டினா கை வெந்துரும். ஆறினப்புறம் டேப்பத் திறந்து அழுத்தத்த எடுத்துட்டு, அடி பிளக்கையோ, ஹீட்டர் துரு பிடிக்காம இருக்க மாட்டியிருக்கிற ஆனோடு ராடையோ கழட்டி ஹீட்டர காலி பண்ணணும். நல்ல தண்ணி டேங்க், கழிவுத் தண்ணி டேங்க் ரெண்டும் காலி. வண்டிக்கு அடியில பைப்போட தாழ்ந்த இடத்துல ரெண்டு சின்ன வடிகால் மூடி இருக்கும், சுடுதண்ணி லைனுக்கு ஒண்ணு, பச்சத்தண்ணி லைனுக்கு ஒண்ணு, ரெண்டையும் திறக்கணும். பில்டர் இருந்தா உள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜ உருவிரணும்.

இதுக்கப்புறம்தான் வழி பிரியுது. ஒண்ணு, கம்ப்ரெசர் காத்த வச்சு மிச்ச தண்ணிய ஊதித் தள்ளுறது, 30ல இருந்து 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குள்ள, அதுக்கு மேல போனா பைப்பு ஜாயின்ட் தாங்காது. ரெண்டாவது, குளிர்ல பைப்பு வெடிக்காம காக்கிற அந்த ரோஸ் திரவத்த வண்டியோட சொந்த பம்ப்பு வழியாவே உறிஞ்ச விட்டு, ஒவ்வொரு டேப்பையும் சூடு, பச்சை ரெண்டு பக்கமும் ரோஸ் வர்ற வரைக்கும் திறந்து மூடுறது. ஷவர், கக்கூஸ் ப்ளஷ், வெளிப்பக்க ஷவர் எதையும் மறக்கக் கூடாது. எந்த வழியா இருந்தாலும் சிங்குக்குக் கீழ வளைஞ்சு நிக்கிற பி டிராப்புல தண்ணி தங்கிரும், அதுலயும் கொஞ்சம் ரோஸ் ஊத்தணும். ரோஸ் நிரப்புற வழின்னா ஹீட்டருக்குள்ள போகாம சுத்திப் போற மாதிரி முதல்லயே பைபாஸ் பண்ணிரணும், இல்லாட்டி ஹீட்டர் அளவப் பொறுத்து 23 லிட்டரோ 38 லிட்டரோ அதுக்குள்ளயே போயிரும். பைபாஸ் பண்ணினா சாதாரண வண்டிக்கு ரெண்டு மூணு கேலன், அதாவது 8ல இருந்து 11 லிட்டர் போதும்.

பைப்புல கிடக்கிற மிச்சத் தண்ணிய வெளிய தள்ளத்தான் காத்தும், ரோஸும். ஆக வடிக்கிற வேலையோட கடைசிக் கட்டந்தான் நிரப்புறது. சோறு வடிச்சு முடிச்சதும் பானைய நிமித்தி வைக்கிற மாதிரி.

இன்னும் ஒரு விசயம், இதுனாலதான் 'உறை'யும் 'தடுப்பு'ம் சேந்த எந்தச் சொல்லும் எனக்குப் பிடிக்கல. அந்த ரோஸ் திரவ டப்பாவுல மைனஸ் 50 பாரன்ஹீட்னு போட்டிருக்கும். அந்தக் குளிர் வரைக்கும் அது உறையாதுன்னு அர்த்தமில்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே கூழ் மாதிரி ஆயிரும், ஆனா அந்த அளவு வரைக்கும் பைப்ப வெடிக்க விடாதுன்னு அர்த்தம். நம்ம காப்பாத்துறது பைப்ப, தண்ணிய இல்ல. தண்ணி உறைஞ்சா ஒம்போது சதவீதம் பெருக்கும், 100 லிட்டர் தண்ணி 109 லிட்டர் ஐஸ் ஆகும். ஐஸ் ஒரு பக்கம் அடைச்சுக்க, டேப்பு மறுபக்கம் மூடியிருக்க, நடுவுல மாட்டின தண்ணிக்குப் போக வழியில்லாம அழுத்தம் ஏறி அங்கதான் பிளக்கும், அதனாலதான் வடிச்சு முடிச்சு டேப்பத் திறந்தே விடச் சொல்றது.

இது நம்ம கடக்கரைக்குப் புதுசு ஒண்ணும் இல்ல. ஐஸ் கம்பெனியில போய் நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், தகர டின்ல தண்ணிய விளிம்பு வரைக்கும் ஊத்த மாட்டாங்க, மேல கொஞ்சம் இடம் விடுவாங்க, பார் கட்டும்போது மேல எழும்பி வரும்னு. அந்த டின்னச் சுத்தி தொட்டியில நிக்கிறது உப்புத்தண்ணி, டின்னுக்குள்ள இருக்கிறது கல்லாகும், வெளிய இருக்கிற உப்புத்தண்ணி அதே குளிர்ல தண்ணியாவே ஓடும். ரோஸ் திரவம் செய்யுறதும் இதே வேலைதான், உப்புக்குப் பதிலா பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டருக்கு ஊத்துறதுல பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விசம், குடிக்க இனிப்பா வேற இருக்கும், குடிதண்ணி ஓடுற பைப்புல அது ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. இந்த ரெண்டுக்கும் சேத்து 'உறைதடுப்பி'ன்னு ஒரே பேர் வைக்கப் போறீங்கன்னா தயவுசெஞ்சு வேணாம், கையெடுத்துக் கும்பிடுறேன். ஒண்ணுக்குப் 'பைப்புக் காப்புநீர்', இன்னொன்னுக்கு 'எஞ்சின் குளிர்நீர்'னு பிரிச்சே வைப்போம்.

'வாடைவடிப்பு'ன்னு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். எங்க வடகடல் பக்கம் ஐப்பசி தாண்டினா வாடைக்காத்துதான், அந்த ஊர்லயும் குளிர் வடக்க இருந்துதான் இறங்குது, எனக்கு மனசு அதுலயே நின்னுச்சு. ஆனா இன்னைக்கு வாடைன்னா நாத்தம்னுதான் பாதிப்பேர் எடுத்துக்குவாங்க, கக்கூஸ் டேங்க் உள்ள வண்டிக்கு அந்தப் பேர் வச்சா அர்த்தமே மாறிரும். மனசில்லாமதான் விட்டேன். 'வடிச்சுக்கட்டு'ன்னும் ஒண்ணு வச்சிருந்தேன், பட்டறைத் தம்பிகிட்ட சொன்னா "பில்டரா அண்ணே?"ன்னு கேட்டான். வடிகட்டுறதுதான் ஞாபகம் வருது. அதுவும் போச்சு.

குளிர்வடிப்புன்னா குளிர வடிக்கிறதான்னு அய்யா கேட்டீங்க. சோறு வடிக்கிறோம்னு சொல்றோம், சோத்தையா கீழ ஊத்துறோம்? கஞ்சி வடிக்கிறதும் சோறு வடிக்கிறதும் ஒரே வேலைதானே, யாரும் குழம்பறதில்ல.

வசந்தத்துல திரும்பத் திறக்கிறதுக்கு 'குளிர்நீக்கம்'னு தம்பி சொன்னது சரி வராது. அங்க வேலை கழுவுறதுதான், நல்ல தண்ணி விட்டு ரோஸ் போற வரைக்கும் அலசி, பிறகு 57 லிட்டருக்கு 60 மில்லி வாசனை சேக்காத பிளீச் கலந்து எல்லா டேப்புலயும் வர விட்டு, ஊற வச்சு, மறுபடி அலசுறது. நம்ம கிணத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போடுற மாதிரிதான். 'அலசித்திறப்பு'ன்னு வைப்போம்.

நேத்து ராத்திரி தேவிபட்டினத்துக்கு மாமாவுக்குப் போன் போட்டேன். விளக்கம் ஒண்ணும் சொல்லல, "மாமா, வண்டியக் குளிர்காலத்துக்கு நிறுத்துறதுக்கு முன்னாடி குளிர்வடிப்பு பண்ணணும்னு எழுதினா என்ன புரியுது?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம், "எதுல இருந்து வடிக்கணும், டேங்க்ல மட்டுமா, பைப்புலயுமா? ஹீட்டருக்கு அடியில பிளக் இருக்குமே, அதையும் கழட்டணுமா?"ன்னு கேட்டாக.

திருத்தின தாள இந்த வாரம் மச்சானுக்கு அனுப்பணும். பைபாஸ் வால்வுக்கு 'சுத்துவழி வால்வு'ன்னு போட்டிருக்கேன், பி டிராப்புக்கு இன்னும் ஒண்ணும் சரியா அமையல, 'தண்ணிவளைவு' பரவாயில்லையா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.