4.25 தொன் எலெக்ட்ரிக் வான், கார் லைசன்ஸோட ஓடலாமோ?

ஹரோ தம்பி:
அண்ணாமார், அவசர டவுட். நான் லண்டன்ல கடைகளுக்கு சாமான் டெலிவரி ஓடுறன், லைசன்ஸ் 2012ல எடுத்தது, கட்டகரி பி, அதாவது கார் லைசன்ஸ் மட்டும்தான். முதலாளி டீசல் வானை வித்திட்டு எலெக்ட்ரிக் வான் எடுத்திருக்கிறார், வானில இருக்கிற எடைப் பிளேட்ல உச்ச எடை 4,250 கிலோ எண்டு கிடக்கு, பி-க்கு 3,500 தானே? ஒரு ட்ரெயினிங் இடத்துக்கு அடிச்சுக் கேட்டா 5 மணித்தியாலம் பழகோணுமாம், முதலாளி ஒண்டும் தேவையில்லை நாளைக்கே எடு எண்டுறார். வெறும் வான் 3,500க்குள்ளதான் நிக்கும், அரிசி மூட்டை குறைச்சு ஏத்தினா சரிதானே?

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
ட்ரெயினிங் கட்டாயம் தம்பி. நான் 2023ல செய்தனான், காசும் போய் ஒரு நாளும் போச்சு.

பழைய லொறிக்காரன்:
அது அப்ப. 2025 ஜூன் 10ல இருந்து அந்த 5 மணித்தியாலத்தை எடுத்திட்டாங்கள். புகை வராத வாகனம், பேற்றரி இல்லாட்டி ஹைட்ரஜன், எண்டா பி-யோடயே 4,250 வரைக்கும் ஓடலாம். பேற்றரிப் பாரத்தால ஏத்துற சாமான் குறையுது எண்டுதான் இந்தச் சலுகை, அதால டீசலுக்கு அதே 3,500 தான், ஹைபிரிட்டைக் கொண்டுவந்து இதுக்க செருகாத. முந்தி ட்ரெயிலரும் இழுக்கேலாது, இப்ப ரெண்டும் சேர்த்து 7,000 கிலோக்குள்ள எண்டா சரி.
மூட்டைக் கதையை விடு. ஏத்தினது எவ்வளவு எண்டில்லை, பிளேட்ல இருக்கிற உச்ச எடைதான் கணக்கு. வெறுவானா ஓடினாலும் அது 4,250 வான்தான். அதுக்கு மேல ஏத்தினா அது ஓவர்லோட், ரோட்டில மறிச்சு நிறுப்பாங்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
அட, மாறினது தெரியாது. என்ர காசு போனது போனதுதான் 😅

ஹரோ தம்பி:
பெரிய உபகாரம் அண்ணை. இன்னொண்டு, மாசத்தில ஒருக்கா பாரிஸில எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்கும் இதிலயே சாமான் கொண்டு போகச் சொல்லுறார், அதுவும் ஓகேயோ?

பழைய லொறிக்காரன்:
அங்கதான் பிழைக்கும். இந்தச் சலுகை கிரேட் பிரிட்டனுக்குள்ள மட்டும், பிரான்ஸ் கலே துறைமுகத்தில இறங்கினா உன்ர பி-க்கு 3,500 தான். சி1, அதாவது சின்ன லொறி லைசன்ஸ் இருக்கிற ஆளைப் பிடிக்கச் சொல்லு. 1997க்கு முதல் இங்க கார் பாஸ் பண்ணின ஆக்களுக்கு அது கார்டிலயே இருக்கும், 7,500 வரைக்கும் ஓடலாம். எடுக்க முதல் இன்சூரன்ஸுக்கும் அடிச்சு, வான் 4,250 எண்டு சொல்லி, பேர் சேர்த்ததை ஈமெயில்ல வாங்கி வை, முதலாளி வாயால சொல்லுறதை நம்பாத.

ஹரோ தம்பி:
அப்ப பாரிஸுக்கு முதலாளியே ஓடட்டும், அவர் 94ல பாஸ் பண்ணினவர் 😂