சாப்பிட்டு முடித்த பிறகும் சாப்பிட்ட மாதிரியே இல்லை

கேட்டவர்: பேரேடு

வணக்கம். வயது 41, கணக்கு எழுதும் வேலை. மதியச் சாப்பாடு கணினிக்கு முன்னால். இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கையில் போன். பல வருடப் பழக்கம்.

போன வாரம் மகள் கேட்டாள், "அப்பா, காய் எப்படி இருந்துச்சு? இன்னைக்கு நான்தான் செஞ்சேன்." தட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் என்ன காய் இருந்தது என்றே எனக்கு நினைவில்லை. "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றிலிருந்து என்னைக் கவனித்தேன். ஆறேழு நிமிடத்தில் தட்டு காலி. வயிறு கல் மாதிரி கனக்கிறது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் வாய் எதையாவது தேடுகிறது. அது பசி இல்லை என்பது எனக்கே தெரிகிறது.

கவனித்து உண்பது பற்றித் தேடிப் படித்தேன். ஒரு வாய்க்கு 32 தடவை மெல்லச் சொல்கிறார்கள். இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கைதான் மனதில் நின்றது, ருசி நிற்கவில்லை. செய்து பலன் கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எங்கே தொடங்குவது?

பதில்: உப்பும் நீரும்

எண்ணுவதை விட்டுவிடுங்கள். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஹோரஸ் பிளெட்சர் என்பவர், உணவு வாயிலேயே நீராகிற வரைக்கும் மெல்ல வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். பெரிய கூட்டம் அவரைப் பின்பற்றியது. பிறகு ஓய்ந்துபோனது. மெல்லுவது நல்லதுதான், மாவுச்சத்து செரிக்கத் தொடங்குவதே எச்சிலில்தான். ஆனால் அதற்குக் கணக்கு தேவையில்லை.

கல் மாதிரி கனப்பதற்குக் காரணம் நேரம். இரைப்பை விரிவது வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தெரிய வேண்டும். உணவு சிறுகுடலுக்கு இறங்கி, அங்கிருந்து "போதும்" என்று சொல்லும் ஹார்மோன்கள் சுரக்க வேண்டும். இதற்கு ஏறக்குறைய இருபது நிமிடம் என்பார்கள். நீங்கள் அந்தச் செய்தி போய்ச் சேரும் முன்பே தட்டைக் கழுவிவிடுகிறீர்கள்.

ஒரு மணி நேரத்தில் வாய் தேடுகிறது என்றீர்களே, அதற்கு நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1998இல் பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சற்று முன் நடந்ததுகூட நினைவில் நிற்காத இருவருக்கு மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் இன்னொரு சாப்பாட்டை வைத்தபோது அதையும் சாப்பிட்டார்கள். பெரும்பாலும் மூன்றாவதிலும் கைவைத்தார்கள். உண்டது வயிற்றில் இருந்தால் மட்டும் போதாது, உண்டோம் என்ற நினைவும் வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே உண்பவர்கள் அடுத்த வேளையில் கூடுதலாக உண்பதாகப் பிற்கால ஆய்வுகளும் காட்டின.

பதில்: கரையோர நாணல்

தம்பி, நான் இதைப் படித்துக் கற்கவில்லை. அம்மாவுக்கு ஊட்டித்தான் கற்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. விழுங்கும் தசை தளர்ந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: நிமிர்த்தி உட்கார வை. அரைக் கரண்டி. டிவியை அணை. வாயில் உணவு இருக்கும்போது கேள்வி கேட்காதே. குரல்வளை ஏறி இறங்குவதைப் பார், அதுவரை அடுத்த கரண்டியைத் தூக்காதே. முடிந்ததும் அரைமணி நேரம் படுக்கவிடாதே.

முதல் வாரம் நான் இடது கையில் போனை வைத்துக்கொண்டுதான் ஊட்டினேன். ஒரு நாள் அவர் விழுங்கினாரா என்று பார்க்காமலே அடுத்த கரண்டியைக் கொடுத்துவிட்டேன். புரை ஏறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டி, மூச்சு திரும்பும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போனைக் கொண்டுபோனதில்லை.

ஒரு சின்னக் கிண்ணத்துக்கு நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் ஒரு முகத்தையும் ஒரு தொண்டையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மசித்த கேரட் என்றால் அவர் புருவம் தளரும். புளிப்பு நாக்கில் பட்டால் கன்னம் உள்ளே இழுக்கும். நாற்பத்தெட்டு வருடம் அவர் கையால் உண்டவள் நான். அவருக்கு எது பிடிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு என் தட்டுக்கு வந்து உட்காருவேன். கை பழக்கத்தில் வேகமாகப் போகும். ஒன்றைக் கண்டுபிடித்தேன்: வாயில் இருப்பது இறங்கும் முன்பே அடுத்த கவளம் விரலில் தயாராக இருக்கிறது. அது காத்திருப்பதால்தான் இதை அவசரமாகத் தள்ளுகிறோம். அதனால் ஒரு வாய் வைத்ததும் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைக்கிறேன். விழுங்கியபின்தான் கை திரும்பும். செய்வது இது ஒன்றுதான். வேளைக்கு முதல் ஐந்து வாய்க்கு மட்டும் செய்து பாருங்கள்.

பதில்: மீண்டவள்

ஒரு வேண்டுகோள். இதை எடை குறைக்கும் வழியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இருபது வயதில் உணவுக் கோளாறு இருந்தது. "கவனித்து உண்கிறேன்" என்ற பெயரில் ஒவ்வொரு வாயையும் விசாரணை செய்தேன். அது கவனம் இல்லை, பயம். கவனம் என்றால் பசிக்கும்போது பசியை நம்புவதும் சேர்ந்ததுதான். சாப்பாட்டை நினைத்தாலே பதற்றம் வருகிறவர்கள் தனியாக முயலாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

பேரேடு

எல்லாருக்கும் நன்றி. மீண்டவள், நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் ஆகிறது. மதியம் இன்னும் கணினிக்கு முன்னால்தான், அதை மாற்ற முடியவில்லை. இரவில் போன் அடுத்த அறையில். கையை மடியில் வைப்பது முதல் இரண்டு நாள் விசித்திரமாக இருந்தது, மூன்றாம் நாள் ஐந்து வாய் தாண்டியும் தொடர்ந்தது. நேற்று பாதியில் நிறுத்தி, "இதில எலுமிச்சை பிழிஞ்சியா?" என்று மகளிடம் கேட்டேன். "கொஞ்சூண்டு. அடுப்ப அணைச்ச பிறகு" என்றாள். பிறகு அது ஏன் என்று பத்து நிமிடம் விளக்கினாள்.

அக்கா, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

கரையோர நாணல்

கெட்டியாக இருந்தால் விழுங்குகிறார் தம்பி, தண்ணீர்தான் இன்னும் சிரமம். போன செவ்வாய்க்கிழமை கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தானே நாலு வாய் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கரண்டியைக் கீழே வைத்தார்.