சோளம் அறுத்த காட்டிலும் ஆடு விட முடியவில்லை, எங்கே மேய்ப்பது?

கடையாம்பட்டிக்காரன்: அப்பா மேச்சேரி இனச் செம்மறி ஆடு வைத்திருக்கிறார். முன்பெல்லாம் சோளம் அறுத்ததும் காட்டுக்காரர்களே கூப்பிட்டு, உரத்துக்காக ராத்திரியில் ஆட்டை அங்கே அடைத்துப் பட்டி போடச் சொல்வார்கள், இப்போது எங்கே பார்த்தாலும் கம்பி வேலி, சொட்டுநீர்க் குழாய். சேர்வராயன் மலையடிவாரத்துக்கு ஓட்டினால் வனத்துறை தடுக்கிறது. 2022இல் கோர்ட்டே மேய்ச்சலுக்குத் தடை போட்டுவிட்டதாமே?

ஓமலூர் அண்ணன்: தம்பி, முதலில் எல்லா வனத்துக்கும்தான் சொன்னார்கள், அப்புறம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்காகக் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் ஓட்டாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும் உண்டு, அதைக் கிராம சபை வழியாகத்தான் கேட்க வேண்டும்.

செல்வி: விவசாயி பக்கமும் பாருங்க. எங்கள் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் ஆடு புகுந்தால் எங்களுக்கும் நட்டம், தழையில் இருக்கும் சயனைடு விஷத்தால் மூச்சுத் திணறி ஆடும் செத்துவிடும். வேலி அதற்குத்தான். ஆனால் பட்டி உரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அறுப்புக்கு முன்னாலேயே வந்து பேசுங்க.

ஓமலூர் அண்ணன்: அதுவும் சரிதான். விஏஓவிடம் ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள், மேய்ச்சல் புறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று தெரியும். ஆக்கிரமிப்பு இருந்தால் வருவாய்த்துறை வருஷா வருஷம் நடத்தும் ஜமாபந்தியில் (கிராமக் கணக்குத் தணிக்கை) மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.