வரியைக் குறைத்தால் ஏழ்மை ஒழியுமா?

ஓட்டைக்காசு: "வரியைக் குறை, சந்தையைத் திறந்துவிடு, ஏழ்மை தானாக ஓடும், ஹாங்காங்கே சாட்சி" என்று சந்தைக்காரன் நேற்று முழங்கியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வருகிறது. ஹாங்காங்கில் கிட்டத்தட்ட பாதிப் பேர் குடியிருப்பது அரசு வீட்டில், ஐயா. பாதிப் பேர்!

சந்தைக்காரன்: அரசு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் 30 சதவீதம் போலத்தான். உங்கள் பாதியில் மிச்சப் பேர் காசு கொடுத்து வாங்கியவர்கள். சொந்த வீடு எப்படி அரசு வீடாகும்?

ஓட்டைக்காசு: மானிய விலைக்கு விற்றது யார், உங்கள் சந்தையா? 1953 கிறிஸ்துமஸ் இரவு ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் பகுதியில் குடிசைகள் எரிந்து 50,000 பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது அரசு. குடும்பத்துக்கு ஓர் அறை; குழாயும் கழிப்பறையும் பொது. அதுவாவது கிடைத்தது.

சந்தைக்காரன்: கட்டப் பணம்? தொழில் வளர்ந்ததால் வந்தது. 1961 முதல் 1971 வரை ஹாங்காங்கின் நிதிச் செயலராக இருந்த கௌபர்த்வெயிட் வருமான வரியை 15 சதவீதத்தைத் தாண்டவிடவில்லை. விற்பனை வரி இன்றுவரை கிடையாது. ஏழை வாங்கும் சட்டைக்கு வரியில்லை, அது உதவி இல்லையா? மறுபடி சொல்கிறேன், 30.

விழுக்காடன்: 'சதவீதம்' வடமொழி. விழுக்காடு என்று எழுதுங்கள்.

ஓட்டைக்காசு: விழுக்காடோ வெங்காயமோ, பாதி பாதிதான்! விற்பனை வரி ஏன் இல்லை தெரியுமா? நிலம் மொத்தமும் அரசுடையது. புனித யோவான் பேராலயம் நிற்கும் இடம் ஒன்றுதான் விலக்கு. மற்றதெல்லாம் குத்தகை. ஏலத்தில் நிலத்தைக் கொள்ளை விலைக்கு விட்டுக் கஜானாவை நிரப்புகிறார்கள்; அது வாடகையாக ஏழை தலையில் விடிகிறது. நிலமெல்லாம் அரசிடம், பெயர் மட்டும் சுதந்திரச் சந்தை!

வழிப்போக்கன்: அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் 2012இல் வரியைக் குறைத்து, பட்ஜெட்டில் துண்டு விழுந்து, 2017இல் திரும்ப ஏற்றியதே?

சந்தைக்காரன்: உங்களை யார் கூப்பிட்டது? சீனா 1978இல் சந்தையைத் திறந்த பிறகு ஏறக்குறைய 80 கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஓட்டைக்காசு: அங்கேயும் நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை, தலைவரே! இப்படித்தான் போன மாதம் சிலி நாட்டைப் பற்றிய விவாதத் திரியிலும் பாதியில் நாடு மாறினீர்கள். அந்தக் கணக்கே இன்னும் பாக்கி. முதலில் பாதிக்குப் பதில் வரட்டும்.

சந்தைக்காரன்: சிலியில் ஓடியது நீங்கள். 30.

விழுக்காடன்: 'பட்ஜெட்' என்று எழுதியவர் யார்?