போட்டோனிக் பளிங்கு புளோரொளிர்வைக் கூட்டும்போது பின்னணியும் கூடாதா?

வினா (திருகோணமலை)

வணக்கம். டெங்கு வைரசின் என்எஸ்1 புரதத்தைக் கண்ணாடி வழுக்கியில் பிறபொருளெதிரியால் பிடித்து, சை-5 சாயத்தின் சிவப்பொளிர்வைக் கொண்டு அளக்க முயல்கிறேன். செறிவு குறைந்ததும் சாயப் புள்ளி பின்னணியில் மறைந்துவிடுகிறது. 2017 இல் கிண்ணியாவில் காய்ச்சல் பரவியதைக் கண்ணெதிரே கண்டவள் என்பதால், இம்முயற்சியைக் கைவிட எனக்கு மனமில்லை. போட்டோனிக் பளிங்குப் பரப்பில், அதாவது ஒளியின் அலைநீளமளவில் நுண்வரிகள் மீளமீள அமைந்த பரப்பில், ஒளிர்வு பன்மடங்காகும் என்று வாசித்தேன். பின்னணியும் அதே அளவு கூடினால் என்ன பயன்? டிவிடி தட்டின் வரிகளையே நெய்யரியாக (சம இடைவெளியுள்ள நுண்வரிப் பரப்பாக) கொள்ளலாமா?

பதில் 1

சகோதரி, இங்கு இரண்டு பெருக்கங்கள் நிகழ்கின்றன. லேசரின் அலைநீளமும் படுகோணமும் பளிங்கின் பரிவோடு (ஒளி அதில் சிக்கிப் பெருகும் நிலையோடு) ஒத்துவரும்போது, ஒளி நெய்யரிப் படையில் சற்றே சிக்கி நின்று மேற்பரப்பின் மின்புலத்தைச் செறிவாக்குவதால், சாயம் வலுவாக அருட்டப்படுகிறது. பின்னர் சாயம் உமிழும் ஒளியும் எல்லாத் திசைகளிலும் சிதறிவிடாமல், குறித்த கோணங்களில் திரண்டு வெளியேறுகிறது. உணரியை அங்கே வைத்தால் இரண்டாவது பயனும் கிடைக்கும்.

அந்தப் புலம் பரப்பிலிருந்து ஓரிரு நூறு நானோமீற்றருக்குள் தேய்ந்துவிடும். ஆகவே கரைசலில் மிதக்கும் சாயம் பெரிதாகப் பெருகாது. ஆனால் பரப்பில் தவறாக ஒட்டிக்கொண்ட சாயம் உங்கள் புரதத்தைப் போலவே பெருகும். கழுவுதலில் கஞ்சத்தனம் வேண்டாம். பிளாஸ்ரிக் அடித்தளம் தானாகவும் ஒளிரும் என்பதால், கிடைத்தால் குவாட்சையே தெரிவுசெய்யுங்கள்.

பதில் 2

டிவிடி உதவாது. செங்குத்தாக விழும் ஒளிக்கு, நெய்யரியின் இடைவெளியைப் பயனுறு முறிவுச் சுட்டியால் (அப்படையில் ஒளி எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண்ணால்) பெருக்கினால் பரிவு அலைநீளம் ஏறத்தாழக் கிடைக்கும். சுட்டி 1.58 எனக் கொண்டால், 633 நானோமீற்றர் லேசருக்கு 400 நானோமீற்றர் இடைவெளி வேண்டும். டிவிடியின் 740 நானோமீற்றரோ பரிவை 1170 அருகே, அகச்சிவப்புக்குள் தள்ளிவிடும். பள்ளங்களின் மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டு போன்ற உயர் சுட்டிப் படையும் அவசியம். நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலிலுள்ள உரூட்டைல் கனிமம் இதே சேர்வைதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

வினவியவர்

மிக்க நன்றி. கழுவிய பின் உலர்த்தி அளப்பதா, நீரின் கீழேயே அளப்பதா?

பதில் 1

எதுவாயினும் கோணத்தை அந்நிலையிலேயே சரிசெய்யுங்கள். நீரின் சுட்டி 1.33, காற்றினது 1. ஆகையால் ஈரத்தில் பொருத்திய கோணம் உலர்ந்ததும் பொருந்தாது. 400 நானோமீற்றர் இடைவெளியில் ஒரு பாகை பிசகினாலே பரிவு ஏறத்தாழ 7 நானோமீற்றர் நகரும். உலர்த்துவதாயின் கடைசியாக ஒருமுறை தூய நீரால் அலசுங்கள். இல்லாவிட்டால் உப்புப் படிந்து, புள்ளியைச் சுற்றி வெண்வளையமாக ஒளியைச் சிதறடிக்கும். புரதம் இடாத வெற்றுப் புள்ளியையும் அதே பளிங்கில், பரிவுக் கோணத்திலும் அதிலிருந்து விலகியும் அளந்து, இரண்டு எண்களையும் இங்கே இடுங்கள்.