லிங் யாங் தண்ணீர்: பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

தெம்பனீஸ் மீனா:
மகனுக்கு நாலு வயது. நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், 38.6. டாக்டரிடம் காட்டி, பாரசிட்டமால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி காலையில் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே சீவிய நகம் மாதிரி வெள்ளைச் சுருள்கள். "லிங் யாங், கொதிக்கவைத்துக் கொடு, சூடு இறங்கிவிடும்" என்றார். இவனைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர், அவர் மனசு நோகக் கூடாது. இது என்ன பொருள்? கொடுக்கலாமா?

பழைய கணக்கர்:
தங்கச்சி, அது மத்திய ஆசியா, ரஷ்யா பக்கத்துப் புல்வெளிகளில் வாழும் சைகா மானின் கொம்பு. இங்கே ஒரு சீன மருந்துக் கடையில் 11 வருஷம் கணக்கு எழுதியவன் நான். கொம்பு முழுசாக ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், மெழுகு நிறம், வளையம் வளையமாக வரி. விளக்குக்கு நேரே பிடித்தால் நுனிப் பக்கம் ஒளி ஊடுருவும். அதை வெந்நீரில் ஊறவைத்துத்தான் சீவுவார்கள். சுருளைத் தனியாக இரண்டு மணி நேரமாவது கொதிக்கவிடச் சொல்லி சின்சே, அதாவது சீன வைத்தியர், எழுதிக்கொடுப்பார். காய்ச்சல், வலிப்பு, உடம்புச் சூடு எல்லாவற்றுக்கும் இதுதான். பொருள் என்று பார்த்தால் கெரட்டின், நம் நகத்தில் இருப்பதேதான்.

எனக்கு அது அப்போது பேரேட்டில் ஒரு எடை, அவ்வளவுதான். பிற்பாடு படித்தபோதுதான் நெஞ்சு கனத்தது. கொம்பு கிடாவுக்கு மட்டும்தான் உண்டு. சோவியத் யூனியன் உடைந்தபிறகு வேலையில்லாத புல்வெளி ஊர்களில் கிடாவாகப் பார்த்துச் சுட்டார்கள். ரஷ்யாவின் கல்மீக்கியாவில் கிடாக்கள் அற்றுப்போய், பெட்டைகள் பல சினையாகாமலே நின்றன. பத்து லட்சம் இருந்த இனம் 2000-களின் தொடக்கத்தில் ஐம்பதாயிரம் அளவுக்கு வந்துவிட்டது. காண்டாமிருகத்தைக் காப்பாற்ற, அதன் கொம்புக்குப் பதில் இதை வாங்குங்கள் என்று வனவிலங்கு ஆர்வலர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2015 மே மாதம் கஜகஸ்தானில் மூன்று வாரத்துக்குள் இரண்டு லட்சம் செத்தன. எப்போதும் அவற்றின் உடம்பில் சும்மா கிடக்கும் பாஸ்டுரெல்லா கிருமி, வழக்கத்தை மீறிய வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பெருகி ரத்தத்தில் கலந்துவிட்டது. குட்டி போடக் கூடியிருந்த மந்தைகள் அம்மா, குட்டி என்று அப்படியே சரிந்தன.

வாசகர் குமரன்:
ஐயா, இப்போது பெருகிவிட்டதே? 2023-இல் ஆபத்துப் பட்டியலிலும் கீழே இறக்கினார்களே?

பழைய கணக்கர்:
உண்மைதான் தம்பி. கஜகஸ்தானில் காவலை இறுக்கினார்கள். அப்புறம் பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், அதனால் இன்று லட்சக்கணக்கில் நிற்கின்றன. மங்கோலியாவில் நிலைமை அப்படியில்லை. சுருளாகச் சீவியபின் எந்த ஊர் மான், எப்போது செத்தது என்று யார் சொல்ல முடியும்? 2019-இல் சைட்டீஸ், அதாவது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், அதன் மாநாடு காட்டு சைகாவின் வணிக ஏற்றுமதி ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கியது. கடைகளில் விற்பது அதற்கு முன்னால் வந்த இருப்பு என்பார்கள். தீரத் தீர அந்த இருப்பு எங்கிருந்து நிரம்புகிறது என்பதுதான் என் கவலை.

நர்ஸ் அக்கா:
மீனா, டாக்டர் சொன்ன மருந்து போதும், தண்ணீர் நிறையக் கொடுங்க. பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. எதையும் காய்ச்சிப் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க.

தெம்பனீஸ் மீனா:
காய்ச்சல் 37.4-க்கு இறங்கிவிட்டது. ஆன்ட்டியிடம் போனில் சைகாவின் படத்தைக் காட்டினேன். தொங்குகிற அந்தப் பெரிய மூக்கை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். புழுதியை வடிகட்டவும் குளிர்காற்றைச் சூடாக்கவும் அந்த மூக்கு என்றேன். நாற்பது வருஷமாக வாங்குகிறாராம், விலங்கை இன்றுதான் பார்க்கிறாராம். பொட்டலத்தை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். சாயங்காலம் பார்லித் தண்ணீர் வந்தது.