டிரிக்கி சாம் நான்டனின் "யா" ஒலி வருவது எப்படி?

ஸ்லைடுக்குழல்:
டியூக் எல்லிங்டன் ஜாஸ் குழுவின் 1940 "கோ-கோ" பதிவில் ஜோ "டிரிக்கி சாம்" நான்டனின் டிராம்போன் (ஸ்லைடை நீட்டிச் சுருக்கிச் சுரம் மாற்றும் பித்தளைக் காற்றுக்கருவி) மனிதக் குரலாகவே "யா" என்று பேசுகிறது. ரப்பர் பிளஞ்சரை (குழாய் அடைப்பெடுக்கும் கிண்ணம்) பெல்லின், அதாவது கருவியின் விரிந்த வாயின், முன் மூடித் திறந்தால் "வா வா" என்றுதான் வருகிறது. எது விடுபடுகிறது? இருபது ஆண்டுகள் அவர் ஒரே குழுவில் நிலைத்தது இந்த ஒலியால்தானா?

பித்தளைக்குரல்:
உள்ளே இன்னொரு மியூட், அதாவது ஒலியை அடக்கி மாற்றும் அடைப்பு, இருக்கிறது. டிரம்பெட்டுக்கான சிறிய ஸ்ட்ரெய்ட் மியூட்டை (கூம்பு வடிவ மியூட்) பெல்லுக்குள் ஆழமாகச் செருகி, அதன்மேல்தான் பிளஞ்சரைப் பிடித்தார். மீதி வேலை வாய்க்குள். பிளஞ்சர் திறக்கும் அதே கணத்தில் நாக்கு "ஈ" நிலையிலிருந்து "ஆ"வுக்கு இறங்க வேண்டும். கை முந்தினால் பழைய "வா"தான். தொண்டை உறுமலை இது படிந்தபிறகு சேருங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் மூச்சு சிதறும்.

மியூட் நழுவி விழுந்தால், கார்க்கின் மேல் வாய்க்காற்றை ஊதி ஈரமாக்கி, லேசாகத் திருகிச் செருகுங்கள். சுருதி பெரும்பாலும் மேலே ஏறும், ஸ்லைடைச் சற்று நீட்டிக் காதால் சரிசெய்யுங்கள். கீழ்ச் சுரங்கள் நன்றாகப் பேசாது; நடு, மேல் ஸ்தாயியிலேயே பழகுங்கள். இடக்கை பிளஞ்சருக்குப் போய்விடுவதால் கருவி இடத்தோளில் சாயும், வலக்கை தாங்கவும் வேண்டும், ஸ்லைடை நகர்த்தவும் வேண்டும். வேகமான ஓட்டங்களை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

ஹார்லெம்_இரவு:
இரண்டாவது கேள்விக்கு: ஒலி பெரிய காரணம், ஆனால் அதற்கென்றே இசை எழுதிய ஒருவர், எல்லிங்டன், இருந்தார். 1926-இல் சார்லி இர்விஸின் இடத்துக்கு நான்டன் வந்தபோது டிரம்பெட்டில் பபர் மைலி ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தார். 1927 டிசம்பரில் ஹார்லெமின் காட்டன் கிளப் இரவு விடுதியில் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்ததும் இந்த ஜோடியின் ஒலியே குழுவின் அடையாளமாயிற்று. 1929-இல் மைலி விலகினார். அவரிடத்துக்கு வந்த கூட்டி வில்லியம்ஸ் உறுமலைக் கற்றது நான்டனைக் கேட்டுத்தான். அதே ஆண்டு வால்வு டிராம்போனுடன் (ஸ்லைடுக்குப் பதில் வால்வு உள்ளது) ஹுவான் டிசோல் சேர்ந்தார், 1932-இல் வழுவழுப்பான தொனியுடன் லாரன்ஸ் பிரவுன். நான்டனோடு சேர்த்து மூவரும் மூன்று குரல்கள். எல்லிங்டன் அந்த வேறுபாட்டை மழுக்காமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினார், அதுதான் அவருடைய மேதைமை. 1945-இல் பக்கவாதம் வந்தும் நான்டன் திரும்பி வந்தார். 1946 ஜூலையில், சுற்றுப்பயணத்தின்போது சான் பிரான்சிஸ்கோவில் காலமானார், வயது 42. பிறகு டைரி கிளென், குவென்டின் ஜாக்சன் அந்தப் பிளஞ்சர் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பித்தளைக்குரல்:
"கோ-கோ"வை வைத்தே பழகுங்கள். ஈ-ஃபிளாட் மைனர் ஸ்கேலில் 12 பார் புளூஸ், அதாவது 12 தாள அளவுகள் கொண்ட சுற்று திரும்பத் திரும்ப வரும். டிசோல் தொடங்கிவைத்தபின் நான்டனுக்கு இரண்டு கோரஸ் (சுற்று), 24 பார். சுரங்கள் மிகச் சில. சுரங்களை எழுதாமல் "ஈ", "ஆ" மாறும் இடங்களை மட்டும் தாளில் குறித்து, முதலில் வாயால் பாடிப் பாருங்கள்.